எடுத்துக்காட்டு வாக்கியம்

அந்தக் குளிர்காலத்தில்
அகராதி அலுவலகம் என் மேசையில் வைத்த பெட்டி:
பழமொழியும் அதன் உறவுக்காரச் சொற்களும்.
ஔலுவில் நவம்பர் என்றால் மூன்று மணிக்கே விளக்கு.
விளக்கடியில் அட்டைகளைப் பரப்பி
யாருக்கு யார் என்ன முறை என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதுமொழி, வயதைக் காட்டியே மரியாதை வாங்குவது.
சொலவடை சந்தைக்குப் போய்வந்தது,
வாயில் இன்னும் மீன்வாடை.
பொன்மொழிக்குக் கீழே எப்போதும்
ஒரு கையெழுத்து இருக்கும், பல நேரம் தவறான ஆளுடையது.
தேய்வழக்கு, பல கை பட்ட காசு என்று எழுதினேன்.
'இந்த உவமையும் அதே காசுதான்' என்று
ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்
பதிப்பாசிரியர் என்சியோ.

கடைசி அட்டை: சொல்லாமலே தெரிவது.
உண்மைதான். மறுக்க ஆளில்லை.
அதனாலேயே கேட்கவும் ஆளில்லை.
பொருள் எழுதிவிட்டேன், எடுத்துக்காட்டுதான் கிடைக்கவில்லை.
'நாளைக்கு அடுத்தது நாளை மறுநாள்' என்று எழுதி அடித்தேன்.
'போனவர் திரும்பி வருவதில்லை'.
அதையும் அடித்தேன்.
அம்மாவை அடக்கம் செய்த அன்று
அதைச் சொன்ன எட்டுப் பேருக்கும்
காப்பி ஊற்றியது நான்தான்.

என் நாத்தனார் கணவர் தைஸ்தோ
கடல்மேல் சாலை போடுகிறவர்.
கரைக்கும் தீவுக்கும் நடுவே நீர் இறுகும்வரை காத்திருந்து,
துளையிட்டு, கோலால் ஆழம் அளந்து,
ஊசியிலைக் கிளைகளை நட்டு வழி குறிப்பார்.
சாலை தொடங்கும் இடத்தில் அவர் வைத்த பலகை:
மெல்லிய பனிக்கட்டி உடையும்.

ஊரே சிரித்தது.
ஒரே வாரத்தில் யாரோ அதன் கீழே
கறுப்பு மையில் எழுதியிருந்தார்கள்:
தண்ணீர் ஈரமாக இருக்கும்.
தைஸ்தோ அழிக்கவில்லை.
அதுவும் சரிதானே என்றார்.

மார்ச் பதினொன்று, விடியும் முன்
ரொட்டி வண்டி உள்ளே போனது.
ஓட்டியவர் கவுக்கோ பெல்தோனியெமி.
கண்ணாடியை உடைத்து வெளியே வந்து
இருநூறு மீட்டர் வயிற்றால் ஊர்ந்திருக்கிறார்.

மறுநாள் பெட்ரோல் நிலையத்துக் காப்பிக்கடையில்
ஆளுக்கொரு பழமொழி இருந்தது.
அவசரம் பற்றி, ஆழம் பற்றி, மார்ச் மாதம் பற்றி.
தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று
என்றார் ஒருவர்.
தொப்பி உண்மையிலேயே போயிருந்தது.

கைப்பையில் அட்டையோடு மருத்துவமனைக்குப் போனேன்.
அதைச் சொல்ல இன்றும் வெட்கம்தான்.
கவுக்கோவின் இரண்டு கையிலும் கட்டு.
என்னைப் பார்க்கவில்லை, கட்டுகளைப் பார்த்தார்.
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவி
உரிப்பதை நிறுத்தவில்லை.
வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்:

'தண்ணீர் குளிராக இருந்தது.'

அவ்வளவுதான்.
மனைவி ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நான் எழுந்து கோட்டுப் போடும்போது
அவரே மறுபடி பேசினார்:
'அந்தப் பலகையில் எழுதினது நான்தான்.
ஈரம் பத்தி.'

அட்டையைப் பார்த்த என்சியோ
சிவப்புப் பென்சிலை எடுத்தார்.
'இதில் செய்தி எதுவுமே இல்லையே' என்றார்.
இல்லை என்றேன்.
பென்சில் கொஞ்ச நேரம் அட்டைமேலேயே நின்றது.
பிறகு அதைக் காதில் செருகிக்கொண்டு
அடுத்த பெட்டியைப் பற்றிக் கேட்டார்.

அச்சில் அது இரண்டாம் பத்தியில் வருகிறது,
சாய்ந்த எழுத்தில், பெயரில்லாமல்.
வேறு சொல்லைத் தேடி வருகிறவர்களின் கண்
அதைத் தாண்டிப் போகும்.

மே மாதம் கடல் கடலானது.
தைஸ்தோ பலகையைக் கழற்றிக்
கொட்டகையில் சாய்த்து வைத்தார்,
எழுத்துள்ள பக்கம்
சுவரைப் பார்க்க.