பத்தும் பதினொன்றும்

ரயில் கடவைக்குப் பக்கத்து மாடியறையில்
இரவிரவாக ஒரு பிறவுசரை ஓடவிட்டிருக்கிறேன்.
அதுக்குத் திரை இல்லை, முகம் இல்லை.
டெல்சியா வைத்த பெயர் முண்டம்.

முண்டம் விக்கிக்குள் போகும்.
கடவுச்சொல் கொடுக்கும்.
'புதுப் பக்கம்' தோன்றமுதலே அமத்தப் பார்க்கும்,
பொறு, இரண்டு வினாடி பொறு என்று
எழுதி வைத்திருக்கிறேன்.
ஓர் ஊரின் பெயரைப் பதிந்து சேமித்து
திரும்பி வந்து தேடும்.
கிடைத்தால் பச்சை.
பிறகு எழுதியதைத் தானே அழித்துவிட்டு
வந்த சுவடில்லாமல் வெளியேறும்.

ஊர்களை ரயில் நிற்கிற ஒழுங்கில் கொடுத்திருந்தேன்.
முதலாவதே சிவப்பு.

எதிர்பார்த்தது: கொக்குவில்
கிடைத்தது: கொக்குவில்

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
ஒரு மணிக்குக் கரண்ட் போய்
வந்த பிறகும் பார்த்தேன்.
பிளேன்ரீ ஆறி ஆடை கட்டிவிட்டது.
கொக்குவில், கொக்குவில்.

விக்கியைத் திறந்தால் இரண்டு பக்கங்கள்.
ஒன்றில் ஸ்ரேசன் இருக்கிறது, மற்றதில் சந்தி.
ஒன்றின் பெயரைத் தட்டி மற்றதைத் தேடினால்
'இப்படி ஒரு பக்கம் இல்லை, உருவாக்கவா?' என்கிறது
வலு மரியாதையாக.

கடைசியில் எண்ணிப் பார்த்தேன்.
எங்களுக்கு ஐந்தெழுத்து.
இயந்திரத்துக்கு ஒருக்கால் பத்து,
ஒருக்கால் பதினொன்று.
என்னுடைய விசைப்பலகை
கொம்பையும் அரவையும் ஒட்டிப் பிறந்ததாய்த் தருகிறது.
டெல்சியாவின் பழைய மடிக்கணினி
முதலில் கொம்பு, பிறகு அரவு என்று
தனித்தனியாய் அனுப்பி வைக்கிறது.
கண்ணுக்குப் போய்ச் சேரும்போது ஒரே 'கொ'.

பராமரிப்பாளர் எந்த நாட்டிலோ விழித்திருந்தார்.
படம் எடுத்து அனுப்பினேன்.
'இரண்டும் ஒன்றுதானே, பிழை எங்கே?' என்றார்.
அதுதான் பிழை என்று எழுதினேன்.

எனக்கு இது புதிதில்லை.
பிறப்புச் சான்றிதழில் நான் சிறிலக்சனா,
அடையாள அட்டையில் ஸ்ரீலக்ஷனா.
இரண்டும் ஒரே ஆள்தான் என்று
நானூறு ரூபாய்க்குச் சத்தியக் கடதாசி முடித்து
சமாதான நீதவானின் முத்திரையோடு
பாஸ்போட் வரிசையில் நின்றவள் நான்.
முத்திரை கொஞ்சம் சரிந்து விழுந்திருந்தது.
கவுண்டரில் இருந்தவர் அதையும்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இங்கே இரண்டு வரி போதும்:
ஒப்பிட முதல் இரு பெயரையும்
ஒரே வடிவத்துக்குக் கொண்டுவா.
மேலே குறிப்பு எழுதினேன்,
இந்தச் செயலி ஒரு சமாதான நீதவான்,
கட்டணம் இல்லை.

திரும்ப ஓடவிட்டேன்.
கொக்குவில் பச்சை. கோண்டாவில் பச்சை.
இணுவில், சுன்னாகம்.
கீழே கடவை மணி அடிக்கத் தொடங்கியது,
விடியப்போகுது.

டெல்சியா போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்,
'என்னடி, எல்லாம் பச்சையோ?'

'மல்லாகம் சிவப்பு.'

'மல்லாகத்தில கொம்பே இல்லையே.'

'ஓம். அதுதான்.'