நோ

நாலாம் வகுப்புக்கு இங்கிலிஸ் படிப்பிக்கிறன்.
இல்லை எண்டால் என்ன பிள்ளையள்?
நோ, டீச்சர்.
முப்பத்தொரு வாய், ஒரே சத்தம்.
அந்த நேரம் என்ர நாரிக்குள்ள
ஆரோ ஈரத்துவாய் பிழியினம்.
மேசை விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுறன்:
இன்னொருக்கா.

மாசத்தில அஞ்சு நாள் கடும்நிறச் சீலை.
கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும் எண்டு
பதிமூண்டு வயசிலயிருந்து சொன்னவை.
சொன்ன எல்லாரும்
கொக்குவில் மண்டபத்துக்குச் சாப்பிட வந்திருந்தினம்.

சரிவரேல்லை.

ஆழத்தில, பேரில்லாத ஒரு இடத்தில,
காய்ச்சின கம்பி தொட்ட மாதிரி.
முதல்முதல் அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சன்.
நூறாவது முறையும் முதல்முதலாத்தான் இருந்தது.
சீலிங்கில ஒரு தண்ணிக்கறை, நெடுந்தீவு மாதிரி.
அதின்ர கரையைச் சுத்திச் சுத்தி நடப்பன்.
முடிஞ்ச பிறகு பைப்பைத் திறந்துவிட்டிட்டு
அந்தச் சத்தத்துக்குள்ள குந்தியிருப்பன்.

ஆசை இல்லாமல் இல்லை.
அதை ஆரும் கேக்கேல்லை.
கழுத்தில கிறீஸ் மணத்தோட
அவர் பின்வளவால வரேக்க
எனக்கும் உடம்பு முழிக்கும்.
முழிச்ச உடம்பு
தன்ர படலையிலேயே தடக்கி விழும்.

"என்னைப் பிடிக்கேல்லையோ?"
கௌரீசன் கேட்டது அஞ்சாம் வருசம்,
சுவரைப் பாத்துக்கொண்டு.
நோகுது எண்டன்.
என்னட்டை இருந்த சொல்லு அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியில டொக்டர் சிங்களத்தில கேட்டார்.
நேர்ஸ் கொஞ்சநேரம் சொல்லுத் தேடினா.
பிறகு, மறைப்புக்கு வெளியில
வாங்கிலில இருந்த அத்தனை பேருக்கும் கேக்க:
"நீங்கள் ரெண்டுபேரும் ஒண்டா இருக்கேக்க நோகுமோ?"
வாங்கில் இருமுறதை நிப்பாட்டிச்சுது.
ஓம் எண்டன்.
வெளியில ஆரோ
நெடுநாளாப் பிடிச்ச மூச்சை விட்டது கேட்டது.

எண்டோமெற்றியோசிஸ்.
கர்ப்பப்பையின்ர உள்தோல் போல ஒண்டு
வெளியில முளைச்சு, மாசாமாசம் தானும் கசிஞ்சு,
குடலையும் பின்பக்கத்தையும் சேத்து ஒட்டிவைச்சிருக்காம்.
இடப்பக்கச் சூலகத்தில சொக்லேட் கட்டி.
பேர் வைச்ச ஆளுக்கு
ஒருநாளும் வயித்துக்குத்து வந்திருக்காது.

இரவு, கரண்ட் பில்லின்ர பின்பக்கத்தில
கீறிக் காட்டினன்.
இது பை. இது குடல். இங்கதான் இடிக்கிறது.
கராச்சில எஞ்சின் பிரிக்கிற மனிசன்
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்தார்.
"கழட்டேலாதோ?"
சுரண்டி எடுக்கலாம். திரும்பவும் வரலாம்.
"அப்ப நான் இவ்வளவு நாளும்..."
அவர் முடிக்கேல்லை.
நானும் முடிச்சுக் குடுக்கேல்லை.

கனநேரம் கழிச்சு கையை நீட்டினார்,
தொடாமல், தலையணைக்கு இந்தப்பக்கம் வைச்சுக்கொண்டு:
"நோ?"
முப்பத்தொரு பிள்ளையளும் வந்து நிண்ட மாதிரி இருந்தது.
எத்தினை வருசம்
இந்த ஒரு எழுத்தை ரெண்டு பாசையிலயும்
சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறன்.
"இண்டைக்கு நோ" எண்டன்.
சரி எண்டிட்டு லைற்றை நூத்தார்.
கை அங்கேயே கிடந்தது.
அதுக்கு மேல என்ர கையைப் போட்டது நான்தான்.

புதன்கிழமை பில் கட்டப் போனவர்
அதே கடதாசியைக் குடுத்திருக்கிறார்.
திரும்பி வரேக்க, ஊதா முத்திரை பின்பக்கம் ஊறி,
கண்ணாடியில வாசிக்கிற மாதிரித் திரும்பி,
சரியா இடப்பக்கச் சூலகத்துக்கு மேல:
செலுத்தப்பட்டது.