ஏழாவது ஆள்

பெர்கனில் பாதி நாள் மழை.
ரொட்டிக் கடை வாசலில் ஒரே ஒரு படி,
பதினாறு சென்டிமீட்டர்.

"உங்களுக்கு ஏன் சிரமம்?"
குடை பிடித்து வெளியே கொண்டுவந்து தருவார்
கடைக்காரர் ஹல்வார்,
தனக்குப் பிடித்த ரொட்டியை.
நான்கு வருடம் நன்றி சொன்னாள் குன்வோர்,
சக்கரங்களில் நீர் சொட்ட.

பிறகு புகார் எழுதினாள்.

சட்டத்தில் அந்தப் படிக்குப் பெயர் தடை.
அன்பைப் பற்றி
அதில் ஒரு வரியும் இல்லை.

சாய்தளம் வந்தது. ஹல்வாரின் சிரிப்பு போனது.
போகட்டும், ரொட்டி அதே விலைதான்.

இன்று உள்ளே,
வரிசையில் ஏழாவது ஆள் அவள்.
யாரும் வழிவிடவில்லை.
முன்னால் ஒருவர் அட்டையைத் தேடுகிறார்
பை பையாக.
நிதானமாகத் தேடட்டும்.

கண்ணாடிக்குள் ஏலக்காய் மணக்கும் பன்கள்.
அடேயப்பா,
இத்தனை வகையா!