எந்தப் பழுப்பு

தர்ஹான் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
ஸ்கேன் அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவள் நான்.
சிரோசிஸ் என்று அடித்து முடித்தபோது
எதிரே குதிரைக்காரர் கொம்போசுரேன்
தொப்பியை முழங்காலில் கவிழ்த்து
அப்படியென்றால் என்ன என்றார்.

ஈரல் இறுகிப்போவது, என்றேன்.
"அதை டாக்டரே சொல்லிவிட்டார்.
நான் கேட்டது சொல்லை."

அகராதியைப் புரட்டினேன்.
கிரேக்கத்தில் அது ஒரு நிறமாம்,
மஞ்சளோடிய பழுப்பு.

"எந்தப் பழுப்பு?
பிடரி வெளுத்ததா,
முதுகில் கறுப்புக் கோடு ஓடுமே, அதுவா?"
எனக்குக் குதிரைகள் தெரியாது.
அடுக்குமாடியில் பிறந்தவள்.

அடுத்த வரியில் அசைட்டிஸ்.
வயிற்றில் நீர் கோப்பது.
மூலச்சொல்: தோல்பை.

இதற்குச் சிரித்தேவிட்டார்.
"குதிரைப்பால் புளிக்கிற பை!
வாசலோரம் தொங்கும்.
வருகிறவன் போகிறவன் எல்லாம்
ஒரு கடை கடைந்துவிட்டுப் போவான்."
சட்டைமேல் விரலால் தட்டிக் காட்டினார்.
மந்தமாய் ஒலித்தது.

கடைசிக் கட்டம், நெருங்கிய உறவு.
எங்கள் மொழியில்
உறவு என்ற சொல்லுக்குள்ளேயே ஈரல் இருக்கிறது.
மகள் பெயரைச் சொன்னார். அடித்தேன்.
தொலைபேசி எண்?

எட்டு இலக்கத்தில்
ஆறுதான் வந்தது.
குறைந்தால் கணினி ஏற்காது.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
முதலிலிருந்து
மறுபடி சொல்லத் தொடங்கினார்.