நிரப்பும் நேரம்

அண்டனானரீவோ. அதிகாலை மூன்று.
ஊர் தூங்கும்போதுதான்
கடல் வழியே படம் வரும்.
மார்சேயில் கிளம்பி, தூலியாராவில் கரையேறி,
லாரிகள் கவிழ்கிற அதே சாலையோரம்
மண்ணுக்குள் ஊர்ந்து
இந்த அறைக்கு. ஒரே ஒரு தடவை.
அப்புறம் லட்சம் பேர் கேட்டாலும்
கடலைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

வுவாஹிரானா அலமாரியில் கை வைக்கிறாள்.
காய்ச்சல்காரன் முதுகுபோல் சூடு.
உள்ளே
துண்டு துண்டாய், பூட்டிய நிலையில்
கடைசி எபிசோடு.
இஸ்தான்புல் மருமகள் பிழைத்தாளா என்பது
இரவு எட்டுக்குத்தான் திறக்கும்.

எட்டு.
படிக்கட்டு ஊர் இது;
பச்சைக் கோடும் திரையில் படியேறுகிறது
மூச்சு வாங்காமல்.
அவளுக்குக் கோடு மட்டும்தான் படம்.
எட்டு நாற்பதில் ஒரு சின்னத் திமில்:
பத்து விநாடி பின்னால் போய்
எல்லோரும் எதையோ மறுபடி பார்க்கிறார்கள்.
முத்தமா, கத்தியா,
கோடு சொல்லாது.

எட்டு ஐம்பத்திரண்டு.
கோட்டில் ஒரு துண்டு அப்படியே சரிகிறது.
பார்க்கிறாள்: விசிறிகள் ஓடுகின்றன,
இழையில் ஒளி இருக்கிறது,
பெட்டிமேல் குற்றமில்லை.
இசோத்ரியில் கரண்ட் போயிருக்கிறது.

போன். தங்கை லாலைனா, இருட்டிலிருந்து:
"நீ அங்கதானே இருக்கே?
செத்தாளா இல்லையா, அதை மட்டும் சொல்லு!"

முழங்கை தூரத்தில் முனகிக்கொண்டிருக்கிறது முடிவு.

"எனக்கும் தெரியாதுடி" என்கிறாள்,
ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசலைக்
கணக்கில் எழுதியபடி.

லாலைனா நம்பவில்லை.