உடல் நீளம் (மதிப்பீடு)

கென்ட் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஏசி பதினெட்டு.
ஜூரோங் தீவருகே மிதந்து வந்த திமிங்கிலத்தின்
இரைப்பையைச் சல்லடையில் அலசுகிறோம்
ரொஸ்லானும் நானும்.

கணவாய் அலகுகள்.
கிளிமூக்காய்க் கறுத்து, உள்ளங்கையை நிறைக்கும் ஒன்று.
அதனடியில்
கோப்பிக் கடைக் குவளை மூடி.

திமியை விழுங்கும் திமிங்கிலம்,
அதையும் விழுங்கும் திமிங்கிலகிலம் என்று
வாய்க்குள் வாய் வைத்துக்கொண்டே போனவன்
எந்தக் கரையில் எதைக் கண்டானோ.
அலை தள்ளிய ஒற்றைக் கை.
செத்த தோலில் வட்ட வட்டத் தழும்பு.
மீதியைப் பயம் வரைந்தது;
கோயில் தோரணத்தில்
மகரத்துக்குத் துதிக்கையே வைத்துவிட்டார்கள்.

சிரித்தேன்.
ரொஸ்லான் படிவத்தை என் பக்கம் தள்ளினான்.
அலகு: பதினொரு சென்டிமீட்டர்.
உடல் நீளம் (மதிப்பீடு): கோடிட்ட இடம்.

சூத்திரம் எட்டு மீட்டர் என்றது.
எழுதினேன்.
உயிரோடு அதை
அவனும் பார்த்ததில்லை, நானும்.

மதியம் கிளமெண்டி உணவங்காடியில்
சம்பல் சோத்தோங்.
சுத்தம் செய்தவர் ஒன்றை விட்டிருந்தார்,
பல்லில் நறுக்கென்றது.
தட்டோரம் துப்பினேன்,
மிளகளவு கறுப்பு.

அவன் பேசிக்கொண்டே இருந்தான்.
நான் அதைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன்.