நிறம் எண் 4417

வூப்பர்டாலில் மழை பெய்யாத நாளை
நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்கலாம்.
தலைக்கு மேலே தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு
ஆற்றின் மீது தொங்கிப் போகும் ரயிலில்
ஏழு நிறுத்தம் தாண்டி வேலைக்குப் போகிறேன்.
வேலை, பெயர் வைப்பது.
குழந்தைக்கல்ல, பெயிண்டுக்கு.

வெள்ளைக்கு மட்டும் முப்பத்தொரு பெயர் இருக்கிறது எங்களிடம்.
அதில் நான்கு ஒரே தொட்டியிலிருந்து வருபவை.
விலை நான்கு.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

4417 ஒரு பழுப்பு.
எனக்கு முன்பிருந்தவர் அதற்கு 'வயல் சேறு' என்று பெயரிட்டுவிட்டு
ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.
மூன்று லாரி திரும்பி வந்தது.
வறுத்த கொட்டை என்றேன். பழைய தோல் என்றேன். குதிரை என்றேன்.
"சுவர் வாசனை அடிக்கக் கூடாது" என்றான் விற்பனைப் பிரிவு டோர்ஸ்டன்.
ஹென்ரிக்கே மேசையைத் தட்டினாள்:
"மாரா, வெள்ளிக்கிழமைக்குள்."

மாரா நான்தான்.
நேர்காணலில் மரகதவல்லி என்றுதான் சொன்னேன்.
கழுத்தில் மாட்டும் அட்டையில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை.
கல் உதிர்ந்த மோதிரம்போல
இதை மாட்டிக்கொண்டு ஒன்பது வருடமாகிறது.

நிறத்தின் பெயர் நிறத்தைச் சொல்லாது என்பது
என் மொழியில் எனக்குப் பழக்கம்தான்.
பச்சைத் தண்ணீர் பச்சையில்லை.
பச்சைப் பொய்யும் இல்லை.
பச்சை குத்திய கையோ நீலம்.
ஹென்ரிக்கேயிடம் இதை விளக்கப் போய்
அரை மணி நேரம் கழித்து அவள் கேட்டாள்:
"அப்படியானால் நிஜமான பச்சைக்கு உங்களிடம் சொல்லே இல்லையா?"
இருக்கிறது என்றேன்.
அட்டையைத் தொட்டுக் காட்டவில்லை.

வியாழன் இரவு எழுதிக் கொடுத்தேன்:
'மழை விட்ட காடு'.
அதே டின், அதே மூடி, அதே கலவை.
சீட்டு மட்டும் புதிது. ஒரு சீட்டு நாலு சென்ட்.
ஆறு வாரத்தில் கிடங்கு காலி.

பிறகு ஒரு சனிக்கிழமை
ரெம்ஷைடிலிருந்து ஃபோல்க்மார் என்று ஒருவர்
ஒரு பலகையில் இரண்டு பட்டை அடித்துக்கொண்டு வந்தார்.
"இடது பக்கம் உங்கள் பழைய சேறு.
கூடத்தில் அடித்தேன், மனைவி ஒரு வாரம் பேசவில்லை.
வலது பக்கம் காடு.
பாருங்கள், உள்ளே மெல்லிசாக ஒரு பச்சை ஓடுகிறது.
எப்படிச் செய்கிறீர்கள்?"

பலகையைச் சன்னலோரம் கொண்டுபோனேன்.
இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடத்தான் போனேன்.
பார்த்தேன்.
ஓடியது.

எனக்கு இருபத்தாறு வயதில்
ஜாதகத்தோடு சித்தப்பா ஒரு தாள் இணைத்தார்.
படிப்பு எம்.எஸ்சி. வேதியியல்.
உயரம் ஐந்து நாலு.
நிறம் என்ற இடத்தில் கறுப்பு என்று எழுதி
அதை அடித்து, மேலே மாநிறம்.
அடித்தது நன்றாகவே தெரிந்தது.
வந்தவர்கள் காப்பி குடித்தார்கள்.
தாளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்,
கடைசியில் டியூப்லைட்டைப் பார்த்தார்கள்.
"வெளிச்சம் பத்தலை போல" என்றாள் ஒருத்தி, பெருந்தன்மையாக.
அன்றிரவு கண்ணாடி முன் நின்று
அந்த மாநிறத்தை நானும் தேடினேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
கொஞ்சம் கிடைத்தது.

ஃபோல்க்மாரிடம் உண்மையைச் சொன்னேன்:
"பெயரைத்தான் மாற்றினோம்."
நல்ல நகைச்சுவை என்று வயிறு குலுங்கச் சிரித்து
இன்னும் இரண்டு டின் வாங்கிப் போனார்.

சீட்டு கிழிந்து விற்க முடியாமல் போன ஒரு டின்னை
வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.
சேறா காடா தெரியாது.
குளியலறைச் சுவரில் நானே அடித்தேன்.
ஈரத்தில் ஒன்றாக இருந்தது, காய்ந்ததும் வேறொன்றாக.
குழாய் பழுதுபார்க்க வந்த பையன்
ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.
"அருமையான நிறம். என்ன இது?"

எண்ணைச் சொன்னேன்.
கைபேசியில் குறித்துக்கொண்டு,
"சரி,
பேர் என்ன?" என்றான்.